வரைந்து காட்டிய கடல்: முதல் உலகப் போரின் வார இதழ்ச் சித்திரங்களும் பிரிட்டனின் கடற்படை நம்பிக்கையும்

முதல் உலகப் போர்க் காலத்து ஆங்கில வார இதழ்களை நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ புரட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சித்திரங்கள் நினைவிருக்கும். இரண்டு பக்கங்களை அடைத்துக்கொண்டு அலையைப் பிளந்து வரும் ஒரு பெரும் போர்க்கப்பல், அதன் பீரங்கி வாயில் நெருப்பு, அடிவானத்தில் சாய்ந்து மூழ்கும் எதிரிக் கப்பல். இவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்து சேர்கிறார்கள். அரசாங்கம் சொல்லி வரைவித்த பொய்கள் என்பார்கள் சிலர். செய்திக்கு நடுவே இட்டு நிரப்பிய அலங்காரம் என்பார்கள் மற்றவர்கள். இரண்டு விளக்கங்களும் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன.

1914 முதல் 1918 வரையிலான பிரிட்டனை எடுத்துக்கொண்டு, அத்தகைய ஒரு சித்திரம் எப்படி உருவானது, அதில் எது இடம்பெற்றது, எது இடம்பெற இயலாமல் போனது, அந்த இயலாமை ஒரு நாட்டின் நம்பிக்கையை எந்தப் பக்கம் வளைத்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

ஐயனாரின் குதிரை

நம் கிராமங்களின் எல்லையில், ஏரிக்கரையை ஒட்டி, ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட சுடுமண் குதிரைகள் நிற்கும். இரவில் ஐயனார் அவற்றின் மேலேறி ஊரைச் சுற்றிக் காவல் வருகிறார் என்பது நம்பிக்கை. அந்தக் காவலை யாரும் கண்டதில்லை. ஆனால் பகலில் அந்தக் குதிரையின் விரிந்த மூக்கையும் தூக்கிய காலையும் பார்த்துப் பழகியவர்கள் இரவில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத காவலுக்குக் கண்ணுக்குத் தெரியும் உருவம் ஒன்றைக் குதிரை தருகிறது.

பிரிட்டனின் கடற்படைக்கும் அப்படி ஓர் உருவம் தேவைப்பட்டது. கடற்கரையே இல்லாத பர்மிங்காம் நகரத்துத் தொழிலாளி தன் வாழ்நாளில் ஒரு போர்க்கப்பலைக்கூட நேரில் பாராமல் போகலாம். ஆனால் அவர் தின்னும் ரொட்டி கப்பலில் வந்த கோதுமையால் ஆனது. போருக்கு முன் பிரிட்டன் தன் கோதுமையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை வெளிநாடுகளிலிருந்தே வாங்கியது. அந்தக் கோதுமை தடையின்றி வந்து சேர்வதற்குக் காரணமாக இருந்ததைக் கடலாதிக்கம் என்பார்கள்: நம் கப்பல்கள் விரும்பிய இடத்துக்குப் போய்வர முடிவதும், எதிரியின் கப்பல்கள் அப்படிப் போகவிடாமல் தடுக்க முடிவதும் சேர்ந்த நிலையே கடலாதிக்கம்.

போருக்கு முந்தைய பல ஆண்டுகளாக இதற்கான குதிரைகளைச் செய்து நிறுத்தும் வேலையில் வார இதழ்களுக்கும் பெரும் பங்கு இருந்தது. 1842-இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ், 1869-இல் வந்த கிராஃபிக், 1900-இல் வந்த ஸ்ஃபியர் ஆகியவை படங்களுக்காகவே வாங்கப்பட்ட இதழ்கள். 1897-இல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காக ஸ்பிட்ஹெட் கடற்பகுதியில் வரிசை வரிசையாக நின்ற போர்க்கப்பல்கள், 1906-இல் போர்ட்ஸ்மத்தில் கடலில் இறக்கப்பட்ட டிரெட்நாட் என்று காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. பத்துப் பெரும் பீரங்கிகளோடு 21 நாட் (மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர்) வேகத்தில் போன டிரெட்நாட், அதற்கு முன் கட்டப்பட்ட போர்க்கப்பல்கள் அனைத்தையும் ஒரே நாளில் பழையதாக்கிவிட்டது. அந்த வகைக் கப்பல்களில் எட்டு வேண்டும், காத்திருக்க மாட்டோம் என்று 1909-இல் பிரிட்டனின் மக்கள் முழக்கமே எழுப்பினார்கள். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் 1805-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன், பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்படைகளை முறியடித்து டிரஃபால்கரில் பெற்ற வெற்றி நூறாண்டுகளாகச் சுவரில் மாட்டிய படமாகவே இருந்தது.

சுருக்கமாகச் சொன்னால், கடற்படையின் வேலை மக்கள் பார்வைக்கு எட்டாத தொலைவில் நடந்தது. அதன் மீதான நம்பிக்கை படங்கள் வழியாகவே வளர்ந்தது. அந்தப் படங்கள் சொல்லிக்கொடுத்த கடற்படை என்பது பெரிய கப்பல்களும் பெரிய சண்டையும்தான்.

கேமரா இருந்தும் தூரிகை எதற்கு?

1914-இல் கேமரா புதுமைப் பொருள் அல்ல. இதழ்களில் புகைப்படங்களை அச்சிடும் முறையும் ஏற்கெனவே வந்துவிட்டது. புள்ளி அச்சு என்று நாம் அதை அழைக்கலாம்: ஒரு படத்தை நுண்ணிய கண்ணித் திரை வழியாகப் பார்த்து, அதன் வெளிச்சத்தையும் நிழலையும் சிறிதும் பெரிதுமான கறுப்புப் புள்ளிகளாக மாற்றி உலோகத் தகட்டில் பதிப்பதே அந்த முறை. அதற்கு முந்தைய தலைமுறையில் ஓவியத்தை மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சிட வேண்டும். பெரிய படமாக இருந்தால் கட்டையைப் பல துண்டுகளாகப் பிரித்துப் பல செதுக்குநர்களிடம் கொடுத்து, பிறகு சேர்த்துப் பூட்டுவார்கள்.

அப்படியிருந்தும் கடற்போரைக் கேமரா காட்டவில்லை. காரணங்களில் ஒன்று, கடற்படை பத்திரிகையாளர்களைக் கப்பலில் ஏற்றவில்லை. மற்றொன்று, ஏற்றியிருந்தாலும் படம் பிடிக்க அங்கே பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தப் போரின் மிகப் பெரிய கடற்சண்டையான ஜட்லண்டில் (1916) பெரும் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியபோது இரு தரப்புக்கும் இடையே ஏறத்தாழ 14 கிலோமீட்டர் இருந்தது. சென்னை சென்ட்ரல் நிலையத்தில் நிற்பவர் பரங்கிமலைக்கும் அப்பால் நிற்பவரோடு போரிடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். புகைப்படத்தில் அது சாம்பல் நிறக் கடல், சாம்பல் நிற வானம், நடுவே ஒரு புகைக் கறை என்றுதான் விழும். 1914 டிசம்பர் 8-இல் ஃபாக்லண்ட் தீவுகளுக்கு அருகே நடந்த சண்டையின் முடிவில் இன்வின்சிபிள் கப்பலிலிருந்து எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று இருக்கிறது: தொலைவில் இன்ஃப்ளெக்சிபிள் நிற்கிறது, மூழ்கிவிட்ட நைசெனாவ் என்னும் ஜெர்மன் கப்பலின் மாலுமிகளைப் படகுகள் தூக்கிக்கொண்டிருக்கின்றன. உண்மையான படம், மனத்தைப் பிசையும் படம். ஆனால் சண்டை எப்படி நடந்தது என்று அதிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

இங்கேதான் விளக்க ஓவியம் வருகிறது. ஒரு செய்தியைப் படிப்பவருக்கு அது கண்முன் நடப்பது போலத் தோன்றச் செய்வதற்காக, அச்சுக்கென்றே வரையப்படும் சித்திரமே விளக்க ஓவியம். குற்றத்தை நேரில் பார்த்த ஒருவர் சொல்லச் சொல்ல, காவல்துறை ஓவியர் குற்றவாளியின் முகத்தை வரைவதைப் போன்றது அந்த வேலை. கரைக்குத் திரும்பிய அதிகாரி ஒருவரின் பேச்சு, மாலுமி ஒருவர் பென்சிலில் கிறுக்கிய கோட்டுப்படம், கப்பலின் பழைய புகைப்படம் ஆகியவற்றை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, லண்டனில் உட்கார்ந்திருந்த ஓவியர் சில நாள்களுக்குள் இரண்டு பக்கச் சித்திரத்தை முடித்துக் கொடுப்பார். இத்தாலியில் பிறந்து ஸ்ஃபியர் இதழுக்கு வரைந்த ஃபோர்ட்டுனினோ மத்தானியா போன்றவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள்.

ஓவியர் செய்த முதல் மாற்றம் தூரத்தைச் சுருக்குவது. 14 கிலோமீட்டரை ஒரே சட்டகத்துக்குள் அடக்கினால்தான் சுடுகிறவரும் சுடப்படுகிறவரும் ஒன்றாகத் தெரிவார்கள். கிழிந்த புகைப் படலத்தை விலக்கியதும் நேரத்தை நிறுத்தியதும் அடுத்தடுத்த மாற்றங்கள். இவற்றைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாட்டு வரைபடத்தில் ஆற்றை விரற்கடை அகலத்துக்குத் தடித்த நீலக் கோடாகப் போடுவதும் இந்த வகைதான். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. இந்த ஓவியங்கள் பெரும்பாலும் கறுப்பு, வெள்ளை, சாம்பல் வண்ணக் குழைவில் தீட்டப்பட்டு, புகைப்படங்களைப் போலவே புள்ளி அச்சில் வெளிவந்தன. எதிர்ப்பக்கத்துப் புகைப்படமும் அதே புள்ளிகளால் ஆனது, அதே மை, அதே தாள். எது கண் பார்த்தது, எது கை கற்பித்தது என்ற வேறுபாடு வாசகரின் விரல்நுனியிலேயே மங்கிப்போனது.

சிலியின் கரையை ஒட்டி 1914 நவம்பர் 1-இல் நடந்த கொரொனெல் சண்டையை எண்ணிப் பாருங்கள். குட் ஹோப், மன்மத் என்ற இரண்டு பிரிட்டிஷ் க்ரூசர்கள் (தொலைதூர ரோந்துக்கான போர்க்கலங்கள்) மாலை மங்கி இருட்டிய பிறகு மூழ்கின. அவற்றிலிருந்த ஏறத்தாழ 1,600 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அக்கப்பல்களின் மேல்தளத்தில் கடைசி நிமிடங்கள் எப்படிக் கழிந்தன என்று வரையும் எந்தச் சித்திரத்துக்கும் சாட்சி இருக்க வழியே இல்லை.

ஓவியர்களின் அறிவைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு செய்தியை இடையில் சொல்கிறேன். இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் இதழுக்கு நெடுங்காலம் வரைந்த நார்மன் வில்கின்சன் போரில் கடற்படைத் தன்னார்வலராகச் சேர்ந்தார். தொலைவிலிருந்து பார்க்கும்போது ஒரு கப்பல் எப்படிக் கண்ணுக்குத் தெரியும் என்பதையே தொழிலாகக் கொண்டிருந்த அவர், 1917-இல் அந்த அறிவைத் தலைகீழாக்கி, கோணல்மாணலான பட்டைகளைக் கப்பலின் மேல் பூசி, நீர்மூழ்கியிலிருந்து பார்ப்பவர் கப்பல் போகும் திசையைக் கணிக்க முடியாமல் திணறச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார்.

எதை வரையலாம் என்று யார் முடிவு செய்தார்கள்?

1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு போர்ச் செய்திகளைச் சரிபார்த்து வெளியிடத் தனி அலுவலகம் ஒன்றை நிறுவியது. கடற்படை தொடர்பானவை அட்மிரால்டி என்னும் கடற்படைத் தலைமைத் துறையின் கண்ணுக்குத் தப்பி வெளிவருவது அரிது. செய்தியோ படமோ எதிரிக்குப் பயன்படும் என்றோ மக்களின் மன உறுதியைக் குலைக்கும் என்றோ கருதி, அதை வெளிவராமல் நிறுத்துவதே தணிக்கை.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. தணிக்கை அதிகாரி ஓவியரின் தோளுக்குப் பின்னால் நின்று இப்படி வரை என்று கட்டளையிட வேண்டிய தேவை பெரும்பாலும் எழவில்லை. அவர் செய்தது கதவைச் சாத்துவதுதான். செய்தி இல்லாத இடத்தை நிரப்ப இதழுக்கு ஒவ்வொரு வாரமும் படம் வேண்டும். வாசகர் சோர்வூட்டும் படத்தைக் காசு கொடுத்து வாங்கமாட்டார். ஓவியரும் அதே நாட்டின் குடிமகன், அவர் வீட்டுப் பிள்ளையும் போரில் இருக்கலாம். கதவு சாத்தியிருந்த அறைக்குள் ஆசையும் வியாபாரமும் நாட்டுப்பற்றும் தாமாகவே ஒரே திசையில் நடந்தன.

சாத்திய கதவு எவ்வளவு கனமானது என்பதற்கு ஆடேஷியஸ் கப்பலின் கதை போதும். டிரெட்நாட் வகையைச் சேர்ந்த அந்தப் புதிய போர்க்கப்பல் 1914 அக்டோபர் 27-இல் அயர்லாந்தின் வட கரையை ஒட்டிக் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. டைட்டானிக்கின் சகோதரக் கப்பலான ஒலிம்பிக் அப்போது அருகில் இருந்தது. அதிலிருந்த பயணிகள் தங்கள் கேமராக்களில் அந்தக் காட்சியைப் பிடித்துக்கொண்டார்கள். படம் சில வாரங்களில் அமெரிக்காவில் அச்சேறியும்விட்டது. பிரிட்டனில் மட்டும் அக்கப்பல் மூழ்கியது என்று அட்மிரால்டி ஒப்புக்கொண்டது, போர் முடிந்து மூன்று நாள் கழித்து, 1918 நவம்பர் 14-இல்.

ஒரே நாளில் இரண்டு அடிகள்

1914 செப்டம்பர் 22 காலை. வட கடலில் ரோந்து வந்த அபூகிர், ஹோக், க்ரெஸ்ஸி என்னும் மூன்று பழைய பிரிட்டிஷ் க்ரூசர்களை யூ-9 என்ற ஒரே ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் மூழ்கடித்தது. இறந்தவர்கள் 1,459 பேர். அதே நாள் இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் என்னும் ஜெர்மன் க்ரூசர் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, அரை மணி நேரம் குண்டு பொழிந்து, பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது.

சென்னையில் உயிர்ச்சேதம் சிலர்தான். ஆனால் அடுத்த நாள்களில் நகரத்தை விட்டு வெளியூர்களுக்குப் புறப்பட்ட கூட்டத்தை ரயில்கள் கொள்ளவில்லை. கடல் முழுவதும் பிரிட்டனுடையது என்று எத்தனையோ ஆண்டுகள் சொல்லி வளர்த்த எண்ணம், கண்ணெதிரே எரிந்த தொட்டிகளின் முன்னால் ஒரே இரவில் நிறம் இழந்தது. சாமர்த்தியக்காரனை, எதற்கும் துணிந்தவனை 'எம்டன்' என்று நம் தாத்தாக்கள் அழைத்தது அந்த இரவின் மிச்சம். எம்டன் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தும் மூழ்கடித்தும், பினாங்கில் ஒரு ரஷ்ய க்ரூசரை வீழ்த்தியும், கடைசியில் நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் தோற்றது. தோற்ற பிறகு லண்டன் இதழ்கள் அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லரைக் கண்ணியமான எதிரி என்று கொண்டாடியது வேடிக்கையாகத் தோன்றலாம். வென்ற கதையில் எதிரி எவ்வளவு உயர்ந்தவனோ அவ்வளவுக்கு வெற்றியும் உயரும் என்பதை நம் பரணிப் புலவர்களும் அறிவார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 16-இல் ஜெர்மன் கப்பல்கள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலேயே ஸ்கார்பரோ, ஹார்ட்டில்பூல், விட்பி ஊர்களைச் சுட்டு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, கடற்படை எங்கே போயிற்று என்று இங்கிலாந்துக்காரர்களும் கேட்டார்கள்.

இதுவரை பார்த்ததில் மனத்தில் கொள்ள வேண்டியது இது: படத்தின் வழியாக வந்த நம்பிக்கை, நேரில் கண்ட ஒரு நெருப்பால் அசையக்கூடியது. அப்படி அசையும்போதெல்லாம் மக்கள் எதிர்பார்த்தது ஒரு பெரிய சண்டையை, இன்னொரு டிரஃபால்கரை.

கல்யாண ஆல்பத்தில் இல்லாத சமையற்கட்டு

எந்தக் கல்யாண ஆல்பத்தையும் எடுத்துப் பாருங்கள். தாலி கட்டும் நொடி நான்கு கோணங்களில் இருக்கும். மண்டபத்தின் பின்புறம் மூன்று வேளையும் ஆயிரம் பேருக்கு இலை போட வைத்த சமையற்காரரின் படம் ஒன்றுகூட இருக்காது. கல்யாணம் நடந்தது அவராலும்தான். ஆனால் அடுப்பைக் கிளறுவதில் படமெடுக்க ஒரு நொடி என்று எதுவும் இல்லை.

பிரிட்டனின் கடற்போரிலும் சமையற்கட்டு ஒன்று இருந்தது. அதன் பெயர் தொலை முற்றுகை: எதிரியின் துறைமுக வாசலில் போய் நிற்காமல், வெகு தொலைவில் கடல் வழிகளின் வாய்களை அடைத்து, எதிரி நாட்டுக்குப் போகும் சரக்குகளை மறிப்பது. ஜெர்மனியிலிருந்து பெருங்கடலுக்குப் போக இரண்டே வழிகள். தெற்கே ஆங்கிலக் கால்வாய். வடக்கே ஸ்காட்லாந்துக்கும் நார்வேக்கும் இடைப்பட்ட கடல். ஸ்காட்லாந்தின் வட கோடியிலுள்ள ஸ்காபா ஃப்ளோ தளத்தில் பிரிட்டனின் பெரும் கப்பல்படை காத்திருக்க, ஆயுதம் ஏற்றிய பயணிகள் கப்பல்கள் வடக்குக் கடலின் பனியிலும் புயலிலும் ஊர்ந்து, வரும் சரக்குக் கப்பல் ஒவ்வொன்றையும் நிறுத்திச் சோதித்தன. ஜெர்மனியில் மாவும் கொழுப்பும் குறைந்து, 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்குக்குப் பதில் மாட்டுத் தீவனமான டர்னிப் கிழங்கைத் தின்னும் நிலைக்கு மக்களைத் தள்ளியதில் இந்த மறியலுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதை எப்படி வரைவது? குளிரில் நடுங்கியபடி ஓர் அதிகாரி சரக்குப் பட்டியலைப் படிக்கிறார். அடுத்த வாரமும் அதே. இதழ்கள் அவ்வப்போது அதையும் வரைந்தன என்றாலும் நடுப்பக்கம் சண்டைக்கே போனது. தளபதிகளுக்கும் அதே விதிதான். தொப்பியைச் சாய்த்து வைத்து, ஆறு பொத்தான் சட்டையோடு நின்ற டேவிட் பீட்டி ஓவியர்களுக்கென்றே பிறந்தவர் போலிருந்தார். எதையும் எண்ணிப் பார்த்து அடியெடுத்து வைக்கும் தலைமைத் தளபதி ஜான் ஜெல்லிகோ அப்படித் தோற்றமளிக்கவில்லை. இரு தரப்பிலும் ஒரே பிற்பகலில் போரைத் தோற்கக்கூடிய ஒரே மனிதர் ஜெல்லிகோதான் என்று சர்ச்சில் பிற்காலத்தில் எழுதினார். தோற்காமல் இருப்பதுதான் அவர் வேலை. அதற்கும் படம் கிடையாது.

ஜட்லண்ட்: எதிர்பார்த்த படம் வராத நாள்

1916 மே 31. டென்மார்க்கின் ஜட்லண்ட் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 250 கப்பல்கள் மோதின. பிரிட்டன் 14 கப்பல்களையும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களையும் இழந்தது. ஜெர்மனி 11 கப்பல்களையும் 2,500-க்கும் மேற்பட்ட உயிர்களையும் இழந்தது. இன்டிஃபாட்டிகபிள், குவீன் மேரி, இன்வின்சிபிள் என்னும் மூன்று பெரும் பிரிட்டிஷ் கப்பல்கள் வெடித்துச் சிதறின. இரவோடு இரவாக ஜெர்மன் கப்பல்படை நழுவித் தன் துறைமுகத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

ஜெர்மனி உடனே வெற்றி முரசு அறைந்தது. அட்மிரால்டியோ ஜூன் 2 மாலை தன் இழப்புகளை ஏறக்குறைய உள்ளபடியே பட்டியலிட்ட அறிக்கையை வெளியிட்டது. ஆடேஷியஸை மறைத்த அதே துறை இம்முறை உண்மையைச் சொன்னபோது, மக்கள் அதைத் தோல்விச் செய்தியாகவே படித்தார்கள். அப்போது ஆட்சியில் இல்லாத சர்ச்சிலை அழைத்து நம்பிக்கையூட்டும் மதிப்பீடு ஒன்றை எழுதச் சொல்லும் அளவுக்கு நிலைமை போயிற்று. காயம்பட்டுத் துறைமுகம் திரும்பிய கப்பல்களைக் கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் கேலி செய்ததாகவும் மாலுமிகள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் முற்றுகை ஒரு நாள்கூடத் தளரவில்லை. ஸ்காபா ஃப்ளோவுக்குத் திரும்பிய ஜெல்லிகோ, மீண்டும் புறப்படத் தயார் என்று ஜூன் 2 இரவே தெரிவித்துவிட்டார். கடலாதிக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. உடைந்தது டிரஃபால்கர் சித்திரம். இந்தப் பிளவுக்குத் தணிக்கையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் எண்ணம். பல ஆண்டுகளாக வரையத் தகுந்ததை மட்டுமே வரைந்து, மக்களின் நம்பிக்கையைச் சண்டையின் மேல் கட்டிவைத்த பழக்கத்துக்கும் அதில் பங்குண்டு.

அதற்குப் பிறகு படங்கள் கப்பலிலிருந்து மனிதனுக்குத் திரும்பின. செஸ்டர் கப்பலில், தன் பீரங்கிக் குழுவினர் சுற்றிலும் விழுந்து கிடக்க, உயிர் போகும் காயத்தோடு கட்டளைக்காகக் காத்து நின்ற 16 வயது ஜாக் கார்ன்வெல்லுக்கு இறந்த பின், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. ஃபிராங்க் சாலிஸ்பரி அவனை ஓவியமாகத் தீட்டினார். உருவத்துக்கு மாதிரியாக நின்றது அவன் சகோதரன். பள்ளிப் பிள்ளைகள் அவன் பெயரால் ஆளுக்கொரு பென்னி கொடுத்தார்கள். ஜட்லண்டின் முடிவு என்ன என்ற கேள்விக்கு வரைந்து காட்டத் தெளிவான விடை இல்லாதபோது, அசையாமல் நின்ற ஒரு சிறுவன் விடையானான். எதிர்த்தரப்பிலும் இதே கைவேலை நடந்தது: ஃபாக்லண்டில் மூழ்கும் கப்பலின் அடிப்புறத்தில் நின்று கொடியை உயர்த்திப் பிடிக்கும் மாலுமியை ஹான்ஸ் போர்ட் தீட்டிய 'கடைசி மனிதன்' ஓவியம் ஜெர்மனியின் வீடுகளுக்கு அஞ்சலட்டையாகப் போய்ச் சேர்ந்தது.

1918 நவம்பர் 21 காலையில், ஸ்காட்லாந்தின் ஃபர்த் ஆஃப் ஃபோர்த் வாயில், ஜெர்மனியின் ஒன்பது போர்க்கப்பல்களும் ஐந்து போர் க்ரூசர்களும் மற்றவையுமாக எழுபது கப்பல்கள், இருபுறமும் வரிசை கட்டி நின்ற நேச நாட்டுக் கப்பல்களின் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக வந்து சரணடைந்தன. அன்று சூரியன் மறையும்போது ஜெர்மன் கொடி இறக்கப்பட வேண்டும் என்று பீட்டி ஆணையிட்டார். பிரிட்டனின் கடற்படை அந்தப் போரில் கண்ட மிகப் பெரிய வெற்றி அதுதான். கேமராக்களும் ஓவியர்களும் இம்முறை அங்கே இருந்தார்கள்; ஒரு பீரங்கிகூட முழங்கவில்லை.